சிறுநீரில் தெரியும் தசைக் காயம்

தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் சிறு புரதம் மயோகுளோபின். தசைநார் சிதைந்தால் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வெளியேறும். அளவு மிகுந்தால் சிறுநீர் கட்டங்காப்பி நிறமாகும்; சிறுநீரக நுண்குழாய்கள் அடைபட்டுச் செயலிழக்கவும் கூடும். 1941இல் லண்டன் குண்டுவீச்சு இடிபாடுகளில் நசுங்கியவர்களிடம் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் இந்தத் தொடர் விளைவைப் பதிவு செய்தார்.

ஸ்ரீவைகுண்டத்தில் இதற்கு இடிபாடு தேவையில்லை. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டிலிருந்து வடகாலும் தென்காலும் பாயும் நெல்வயல், வாழைத்தோட்டங்களில் கண்ணாடி விரியன் உண்டு. அதன் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுப்பதோடு தசையையும் தாக்கக்கூடியது. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து பரவும் எலிக்காய்ச்சல் இன்னொரு காரணம். 2023 டிசம்பரில் ஊரைச் சூழ்ந்ததைப் போன்ற வெள்ளத்துக்குப் பின் அந்த ஆபத்து கூடும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தொடமுடியாமல் வலித்தால் சந்தேகப்பட வேண்டும். கிழக்கே மன்னார் வளைகுடாவில் வலை இழுப்பவர்களைக் கடிக்கும் கடல் பாம்பின் நஞ்சுக்குத் தசையே முக்கிய இலக்கு.

தாலுகா மருத்துவமனை ஆய்வகத்திலேயே முதல் துப்பு கிடைத்துவிடும். சிறுநீரில் நனைக்கும் சோதனைப் பட்டை ‘இரத்தம் உண்டு’ என்று நிறம் மாறும். ஆனால் நுண்ணோக்கியில் சிவப்பணு இருக்காது. பட்டைக்கு ஹீமோகுளோபினையும் மயோகுளோபினையும் பிரித்தறியத் தெரியாது என்பதே காரணம். அடுத்து, நோயாளியின் இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த சீரத்தைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் இரத்த அணுக்கள் உடைந்திருக்கின்றன; தெளிவாக இருந்தால் தசை சிதைந்திருக்கிறது. விரியன் கடியில் இரண்டும் சேர்ந்தே நடக்கலாம் என்பதால் இந்தத் தீர்ப்பைப் பொறுமையாகத்தான் எடுக்க வேண்டும்.

மயோகுளோபின் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். தாமதமாக வருபவரின் சிறுநீர் தெளிவாக இருந்தால் தசை நலம் என்று பொருளில்லை. அதனால் கிரியேட்டின் கைனேஸ் நொதியை, ஆய்வகப் பேச்சில் சி.பி.கே.யை, அளக்கிறார்கள். அது ஒன்று முதல் மூன்று நாளில் உச்சம் தொடும். இயல்பளவின் ஐந்து மடங்கைத் தாண்டினால், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 1,000 அலகுக்கு மேல், தசைச் சிதைவு என்று கொள்வர். 5,000ஐக் கடந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து அதிகம்.

மாரடைப்பைக் கண்டறியவும் ஒரு காலத்தில் மயோகுளோபின் பயன்பட்டது. கை, கால் தசை அடிபட்டாலும் கூடிவிடுவதால், இதயத் தசைக்கே உரிய டிராப்போனின் அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் சிறுநீரகத்தைக் காக்கும் வேலையில் பழைய பட்டைக்கு இன்னும் மதிப்பு உண்டு. நிறம் மாறியதைக் கண்டவுடன் மருத்துவர் சிரை வழியாகச் சலைன் தொடங்கலாம், பொட்டாசியத்தையும் கிரியேட்டினினையும் பார்க்கலாம், தேவைப்பட்டால் டயாலிசிஸ் வசதியுள்ள திருநெல்வேலி அல்லது தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம்.