சிங்கப்பூர் சிப்பாய்க் கிளர்ச்சி, 1915

சிங்கப்பூர் சிப்பாய்க் கிளர்ச்சி என்பது முதலாம் உலகப்போரின்போது, 1915 பெப்ரவரி 15 அன்று, பிரித்தானிய இந்தியப் படையின் 5ஆம் இலகு காலாட்படையைச் சேர்ந்த சிப்பாய்கள் சிங்கப்பூரில் நடத்திய ஆயுதக் கிளர்ச்சி ஆகும். படைப்பிரிவில் ஏறத்தாழ பாதிப்பேர் இதில் பங்குகொண்டனர். ஆங்கிலேய அதிகாரிகள், படைவீரர்கள், குடிமக்கள் என 40க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

பின்னணி

சிங்கப்பூரில் இருந்த ஆங்கிலேயப் படைப்பிரிவு பிரான்சுப் போர்முனைக்கு அனுப்பப்பட்டதால், அதற்கு மாற்றாக 1914 அக்டோபரில் இப்படைப்பிரிவு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. இதன் வீரர்கள் அனைவரும் முஸ்லிம்கள். இன்றைய அரியானாப் பகுதியைச் சேர்ந்த ராங்கர்கள் ஒரு பாதியும், பட்டாணியர் மறு பாதியுமாக இருந்தனர். 1914 நவம்பரில் துருக்கி சுல்தான் பிரித்தானியாவுக்கு எதிராகப் புனிதப்போர் அறிவித்தார். கலீபாவாக மதிக்கப்பட்டவரின் படைக்கு எதிராகத் தாங்கள் அனுப்பப்படக்கூடும் என்னும் அச்சம் சிப்பாய்களிடையே பரவியது.

1913இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கதர் கட்சியினர், இந்தியப் படைகளைக் கிளர்ந்தெழச் செய்யும் நோக்கில் கிழக்காசியத் துறைமுகங்கள் வழியாக நாடு திரும்பிக்கொண்டிருந்த காலமும் இதுவே. சிங்கப்பூரில் காசிம் மன்சூர் என்னும் குசராத்தி வணிகரும், நூர் ஆலம் ஷா என்னும் சமயப் பேச்சாளரும் சிப்பாய்களிடையே ஆங்கிலேய எதிர்ப்பை வளர்த்தனர்.

கதர் கட்சி பஞ்சாபில் திட்டமிட்ட எழுச்சிக்குக் குறித்த நாள் பெப்ரவரி 21. பின்னர் அது 19க்கு முன்தள்ளப்பட்டது. சிங்கப்பூர் நிகழ்வு அதற்கும் நான்கு நாள் முந்தியது. இதனால் இதனைக் கதர் சதியின் நேரடி விளைவு என்று மட்டும் கூறிவிட முடியாது. கர்னல் மார்ட்டினுக்கும் அவருக்குக் கீழிருந்த அதிகாரிகளுக்கும் இடையே நிலவிய பகைமையால் படையின் ஒழுங்கு முன்பே குலைந்திருந்தது.

நிகழ்வு

படைப்பிரிவு ஆங்காங் செல்லவிருந்தது. ஆனால் 15ஆம் நாள் காலை அணிவகுப்பில் பிரியாவிடை உரை நிகழ்த்திய தளபதி ரிடவுட், செல்லுமிடத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அந்த ஒரு சொல் சொல்லப்பட்டிருந்தால் வதந்தி ஓரளவேனும் தணிந்திருக்கலாம். அன்று பிற்பகல் அலெக்சாந்திரா முகாமில் வெடிபொருள்கள் வண்டியில் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தபோது முதற் குண்டு வெடித்தது.

சிப்பாய்களில் ஒரு பகுதியினர் தாங்லின் முகாமைத் தாக்கி, அங்கு சிறைவைக்கப்பட்டிருந்த செருமானியரை விடுவித்தனர். 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய எம்டன் கப்பலின் மாலுமிகளும் அவர்களுள் இருந்தனர். செருமானியரில் பெரும்பாலோர் கிளர்ச்சியில் சேர மறுத்துவிட்டனர். லவுட்டர்பாக் என்னும் அதிகாரி உள்ளிட்ட சிலர் இதனைப் பயன்படுத்தித் தப்பிச்சென்றனர். தெளிவான தலைமை இன்றிச் சிப்பாய்கள் சிறு குழுக்களாகச் சிதறினர். பிரெஞ்சு, உருசிய, சப்பானியக் கப்பல்களின் வீரர்களும் சோகூர் சுல்தானின் படையினரும் பிரித்தானியருக்கு உதவ, சில நாட்களில் கிளர்ச்சி அடக்கப்பட்டது.

தண்டனை

இராணுவ நீதிமன்றத்தில் 200க்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். சுபேதார் துண்டே கான், ஜமேதார் சிஸ்தி கான் உட்பட 47 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 64 பேர் ஆயுள் முழுவதும் நாடுகடத்தப்பட்டனர். அவுட்ரம் சாலைச் சிறையின் மதிற்சுவரருகே, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. காசிம் மன்சூர் தனியே விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். கிளர்ச்சியில் தொடர்பே இல்லாத, சிங்கப்பூரில் வாழ்ந்த பிற இந்தியர்களும் தங்களைப் பதிவுசெய்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர்.

எஞ்சிய சிப்பாய்கள் 1915 சூலையில் ஆப்பிரிக்கப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். படைப்பிரிவு 1922இல் கலைக்கப்பட்டது.