சாயப்பொடிக்கும் பில் கேளுங்கள்

குருவிகுளம், சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்கள் பலர் இப்போது வீட்டிலேயே துணியை முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள். துப்பட்டா, தலையணை உறை, தோள்பை, முடிக் கயிறு என்று செய்து விற்கவும் செய்கிறார்கள். நல்ல தொழில்தான். ஆனால் திரும்பத் திரும்ப ஒரே கதையைக் கேட்கிறேன்: கை வெந்துவிட்டது, கண் எரிகிறது, வாங்கியவர் துணியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். எந்தப் பொடி என்று கேட்டால், முடிச்சுப் போட்ட வெறும் பாலிதீன் கவரைக் காட்டுகிறார்கள். அதில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. பில் கேட்டீர்களா என்றால், சிரிப்புதான் பதில். பயிற்சி கொடுக்கும் அதிகாரிகளாவது சொல்ல வேண்டாமா? சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கையுறை பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பெயர் இல்லாத பொடியில் என்ன ஆபத்து? சில அசோ சாயங்கள் உடலில் சிதைந்து, பென்சிடின் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாக மாறக்கூடியவை. பென்சிடின் வகைச் சாயங்கள் 42, மற்ற அசோ சாயங்கள் 70, ஆக 112 சாயங்களை மத்திய அரசு 1990களிலேயே தடை செய்துவிட்டது. கவரில் பெயர் இல்லையென்றால், உங்கள் கையில் இருப்பது அந்தப் பட்டியலில் உள்ளதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டு வேலைக்கு, பச்சைத் தண்ணீரிலேயே பிடிக்கும் ரியாக்டிவ் சாயமும் சலவை சோடாவும் போதும். இது பருத்தியில்தான் நிற்கும். பாலியெஸ்டரில் போட்டால் அலசும்போதே போய்விடும். காஸ்டிக் சோடா, ஹைட்ரோஸ் கேட்கும் நாப்தால், வாட் சாயங்கள் பட்டறைக்கு உரியவை. பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்கு வேண்டாம். காஸ்டிக் தோலை அரித்துவிடும், அலுமினியப் பாத்திரத்தையும் தின்றுவிடும். ஈரம் பட்ட ஹைட்ரோஸ் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். ரியாக்டிவ் பொடியையும் மூச்சில் இழுக்கக் கூடாது. சிலருக்கு ஆஸ்துமா வரும். ஆகவே முகக்கவசமும் ரப்பர் கையுறையும் கட்டாயம். சாயம் கரைத்த பாத்திரம் மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது. மிச்சச் சாயத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

கண்ணிலோ தோலிலோ பட்டால், ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கவரையும் கையோடு கொண்டுபோங்கள். பெயர் இல்லாத கவரை வைத்து மருத்துவர் என்ன செய்வார்?

சாயத் தண்ணீரைக் கிணற்றடியிலோ கண்மாய் ஓடையிலோ கொட்டாதீர்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நொய்யல் ஆறு கெட்ட பிறகுதான். விற்பனை பெருகிப் பட்டறை அளவுக்குப் போனால், 1974ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். பக்கத்தில் யாராவது கழிவைத் திறந்துவிட்டால் 1100 என்ற அரசு உதவி எண்ணில் புகார் சொல்லலாம். திங்கட்கிழமை தென்காசி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுக்கலாம். மனு கொடுத்த ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பொடி கெட்டதாக இருந்தால் என்ன செய்வது? பில், கவர், மிச்சப் பொடி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கெட்ட துணியைப் படம் எடுங்கள், மருத்துவச் சீட்டைச் சேர்த்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பொடியை மதுரைக் கடையில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கான ஆணையத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும். அதனால்தான் மிச்சப் பொடியைக் கொட்டாதீர்கள் என்கிறேன்.

'விற்பதற்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே அல்ல' என்று கடைக்காரர் மிரட்டுவார். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரும் நுகர்வோர்தான். சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. தயாரிப்பாளர் பெயர், முகவரி, எடை, விலை, தயாரித்த மாதம் அச்சிடாத பாக்கெட் விற்றால், தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவுக்கு எழுதுங்கள். எடையளவுச் சட்டம் அவர்கள் பொறுப்பு.

விற்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. உங்கள் துணியில் 'மதுரை சுங்குடி' என்று சீட்டு ஒட்டாதீர்கள். அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அடுத்து, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு ஒரு பைசாவும் கட்டணம் இல்லை. ஆதார் எண்ணை வைத்து அரசுத் தளத்தில் நீங்களே பதியலாம்; தெரியாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். பணம் கேட்கும் தரகரிடமும் போலித் தளத்திலும் ஆதாரைக் கொடுக்காதீர்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: பெயர் இல்லாத பொடி வேண்டாம், பில் இல்லாத பொடி வேண்டாம். கேட்டும் பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம் என்று சட்டமே சொல்கிறது. மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.