காற்றுக்கும் மழைக்கும் கணக்குப்பிள்ளை

சென்ற பங்குனி மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு விபத்து நேர்ந்தது. உயிர்ச் சேதம் ஒன்றும் இல்லை. சேதமானது இரண்டு படி அரிசி வடாம்.

அதற்குப் பொறுப்பாளி நான்தான். முதல் நாள் இரவு அம்மா, "நாளைக்கு வடாம் பிழியலாமாடா?" என்று கேட்டாள். நான் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அதில் மஞ்சள் நிறச் சூரியன் ஒன்று சிரித்துக் கொண்டிருந்தது. "தாராளமாகப் பிழியலாம்" என்றேன். "என்னவோ அப்பா, எனக்கு முழங்கால் வலிக்கிறது" என்றாள் அம்மா. நாலு எழுத்துப் படித்த பிள்ளை முழங்காலை நம்புவானா? கைப்பேசியைத்தான் நம்பினேன். மறுநாள் பகல் மூன்று மணிக்கு, சொல்லி வைத்தாற்போல் கோடை மழை கொட்டித் தீர்த்தது. மொட்டை மாடியில் விரித்திருந்த வேஷ்டியின்மேல் வடாம் மறுபடியும் கூழாயிற்று.

"இந்த வானிலைக்காரர்களால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா?" என்றாள் என் மனைவி, ஈர வேஷ்டியைப் பிழிந்துகொண்டே.

கோபத்தில் பிறந்த கேள்விதான். ஆனாலும் நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் புறப்பட்டவன், வடாமை மறந்து வெகு தூரம் போய்விட்டேன். நான் தெரிந்துகொண்டதை வாசகியருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வானிலை நிலையம் என்பது ஜோசியர் வீடு அல்ல, வைத்தியர் வீடு. நாளைக்கு என்ன நடக்கும் என்று அது சொல்வதில்லை. இந்த நிமிஷத்தில் உஷ்ணம் எவ்வளவு, காற்றில் ஈரம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, காற்று எந்தத் திசையிலிருந்து எத்தனை வேகத்தில் வருகிறது, மழை எத்தனை பெய்தது என்று நாடி பிடித்துப் பார்த்துக் குறித்து வைப்பதே அதன் வேலை. ஜோசியம் பிறகு வருகிறது. நாடி சரியாக இல்லாவிட்டால் ஜோசியமும் சரியாக இராது.

இந்த வேலை நம் ஊருக்குப் புதிது அல்ல. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ம் வருஷத்திலேயே வான ஆராய்ச்சிக் கூடம் கட்டினார்கள். அப்போது நாட்டிய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. 1796 முதல் அங்கே சீதோஷ்ண நிலையைக் குறித்து வந்திருக்கிறார்கள். இந்தியா முழுவதற்குமான வானிலைத் துறை ஏற்பட்டது 1875-ல்தான்.

நிலையத்துக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது, கால்கள் வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி. நாலு பக்கமும் ஷட்டர் ஜன்னல் மாதிரிச் சாய்வுப் பலகைகள். வெப்பமானிகள் இதற்குள்தான் குடியிருக்கின்றன. வெயில் நேராகப் படக் கூடாது, ஆனால் காற்று மட்டும் தாராளமாக வந்து போக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இதை வகுத்தவர் தாமஸ் ஸ்டீவன்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கலங்கரை விளக்கம் கட்டும் என்ஜினீயர். 'புதையல் தீவு' எழுதினாரே ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன், அவருடைய தகப்பனார். பிள்ளையின் புத்தகத்தைப் போலவே தகப்பனாரின் பெட்டியும் உலகத்தையெல்லாம் சுற்றி வந்திருக்கிறது.

ஆகாயத்திலும் பாலத்திலும்

இந்தக் கணக்கு யாருக்கு உதவுகிறது? முதல் வாடிக்கைக்காரர் ஆகாய விமானி.

விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே ஓட வேண்டும். மீனம்பாக்கத்தில் பெரிய ஓடுபாதையின் ஒரு முனையில் 07 என்றும் மறு முனையில் 25 என்றும் எழுதியிருக்கிறது. அவை 70 டிகிரி, 250 டிகிரித் திசைகளைக் குறிக்கும். எந்த முனையிலிருந்து ஓடுவது என்பதைக் காற்றுமானிதான் தீர்மானிக்கிறது.

அதைவிட முக்கியமானது பாரமானி. விமானத்தின் உயரங்காட்டும் கருவி உண்மையில் காற்றின் அழுத்தத்தையே அளக்கிறது. தரையில் உள்ள நிலையம் அன்றைய அழுத்தத்தைச் சொல்ல, விமானி தம் கருவியை அதற்குத் தக்கபடி திருப்பி வைத்துக்கொள்கிறார். அழுத்தம் 10 மில்லிபார் தவறிப் போனால் உயரத்தில் சுமார் 300 அடி தவறிப் போகும். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரத்தைவிட அது அதிகம். மேகத்துக்குள் இறங்கி வருகிறவருக்கு அந்த 300 அடிதான் உயிர்.

ரயிலுக்கும் இது வேண்டும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் காற்றுமானி ஒன்று வைத்து, அதைக் கைகாட்டியோடு இணைத்திருந்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோ மீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு வழி கிடையாது. அந்தக் கடலில் காற்று என்ன செய்யும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்ல. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. அதை நெருங்கிக் கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடல் கொண்டு போய்விட்டது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய பாலம் திறந்தார்கள். பாலம் புதிதானாலும் காற்று பழைய காற்றுதானே?

உப்பும் நூலும் தேயிலையும்

நம் அடுக்களையில் இருக்கும் உப்புக்கு வருவோம். தூத்துக்குடி உப்பளத்துப் பாத்திகளில் உவர்நீரைத் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிடுகிறார்கள். அடர்த்தி சுமார் 25 டிகிரிக்கு வந்ததும் உப்பு படிய ஆரம்பிக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை நீர் ஆவியாகும் என்று அளக்க, வானிலை நிலையத்தில் ஓர் அகன்ற தொட்டி உண்டு. குறுக்களவு 4 அடி, ஆழம் 10 அங்குலம். காக்கை வந்து குடித்துவிட்டுப் போனால் கணக்குக் கெட்டுவிடுமே என்று மேலே கம்பி வலை போட்டிருப்பார்கள். உப்பளக்காரருக்கு இந்தத் தொட்டியும் மழைமானியும் இரண்டு கண்கள். உப்பு வாரப் போகிற சமயத்தில் பெய்யும் ஒரு மழை, பல வாரத்து உழைப்பைக் கரைத்துவிடும். எங்கள் வீட்டு வடாம் கதைதான். ஆனால் அங்கே கரைவது ஒரு குடும்பத்தின் கூலி.

நூல் மில்லுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. காற்று வறண்டு போனால் பஞ்சு இழை முறுக்கேறாமல் அடிக்கடி அறுந்துபோகும். பஞ்சுத் தூசியும் பறக்கும். ஆகையால் மில்லுக்குள் வேண்டிய அளவு ஈரத்தை நிறுத்தி வைக்கிறார்கள். அதை அளக்கும் முறை வேடிக்கையானது. இரண்டு வெப்பமானிகள்; ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, அப்படியே ஈரத் துணி சுற்றிய வெப்பமானியும் குளிர்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ, இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவு அதிகம். நீங்கள் உடுத்தும் சேலையின் நூல் அறுந்து முடிச்சுப் போடாமல் ஓடி வந்திருந்தால், அந்த ஈரத் துணிக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

மலைக்குப் போனால் தேயிலை. மேகமும் தூறலுமாகப் பல நாள் இலை உலராமல் இருந்தால், தளிரில் கொப்புள நோய் என்னும் பூஞ்சை நோய் பரவும். வெயில் நன்றாக அடித்தால் அது அடங்கும். ஆகவே தினம் எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்ற கணக்கு, மருந்து தெளிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவுகிறது. இதற்கென்றே பழைய கருவி ஒன்று உண்டு. ஒரு கண்ணாடிக் குண்டு. அதன் பின்னால் ஓர் அட்டை. வெயில் அடிக்கும் நேரமெல்லாம் குண்டு ஒளியைக் குவித்து அட்டையைப் பொசுக்கிக்கொண்டே போகும். மாலையில் பொசுங்கிய கோட்டின் நீளத்தை அளந்தால் வெயிலின் நேரம் தெரிந்துவிடும். சூரியன் தானே கையெழுத்துப் போடுகிற வருகைப் பதிவேடு!

ஒரு பெண்மணியின் பிடிவாதம்

கன்னியாகுமரிப் பக்கம் போனவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயருகே, முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்றாலை விஷயத்தில் ஒரு விசித்திரக் கணக்கு உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் சக்தி எட்டு மடங்கு. இதனால், காற்றுமானி நூற்றுக்குப் பத்து அதிகமாகக் காட்டினால், சக்தியை மூன்றில் ஒரு பங்கு அதிகமாக மதிப்பிட்டுவிடுவோம். மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு துண்டு விழுந்தால் குடும்பம் என்ன பாடு படும் என்பதை வாசகியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் காற்று எங்கே எவ்வளவு வீசுகிறது என்று அளந்து தொகுக்கும் பணியில் முன்னின்றவர் ஒரு பெண்மணி. அன்னா மாணி என்பது அவர் பெயர். 1918-ல் பீர்மேட்டில் பிறந்தார். சென்னையில் பௌதிகம் படித்தார்; பெங்களூரில் ஸர் ஸி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். ஆராய்ச்சி முடிந்தும், எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு டாக்டர் பட்டம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அவர் அதற்காக மூலையில் உட்கார்ந்து அழவில்லை. 1945-ல் லண்டனுக்குப் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். திரும்பி வந்து 1948-ல் புனாவில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அந்நாளில் வெளிநாட்டிலிருந்து தருவித்த கருவிகளையெல்லாம் இங்கேயே செய்ய வேண்டும் என்று, சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடம் வகுத்துக் கொடுத்தார். தவறாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவருடைய கொள்கை. 1976-ல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. வெயிலையும் காற்றையும் அளந்து அவர் தொகுத்த விவரங்களே பிற்காலத்தில் சூரிய சக்திக்கும் காற்றாலைக்கும் அடிப்படையாயின. 2001-ல் காலமானார்.

காகிதத்தில் பெய்த மழை

அன்னா மாணியின் பிடிவாதம் எத்தனை நியாயமானது என்பது குடியானவன் விஷயத்தில்தான் நன்றாகத் தெரிகிறது.

2003-ல் அன்றைய ஆந்திராவைச் சேர்ந்த மகபூப் நகர் ஜில்லாவில், நிலக்கடலை, ஆமணக்கு பயிரிடுகிறவர்களுக்காகப் புதுவித இன்ஷூரன்ஸ் ஒன்றை ஆரம்பித்தார்கள். பயிரைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடும் தொல்லை இல்லை. மழைமானி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே காட்டினால் பணம் கொடுத்துவிடுவார்கள். நல்ல யோசனை, பிறகு நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மழைமானி பத்து மைலுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே மழை பெய்தது; இவன் வயலில் ஒரு துளி விழவில்லை. காகிதத்தில் மழை பெய்துவிட்டது. ஆகையால் பணம் கிடையாது. வயலோ வெடித்துக் கிடக்கிறது.

இது வெறும் கற்பனை பயம் அல்ல. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்ததே, அந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர் மழை, நுங்கம்பாக்கத்தில் 29. மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக் கூடிய தூரம்தான்! இவ்வளவு பக்கத்திலேயே இத்தனை வித்தியாசம் என்றால், ஏரிக்கு எத்தனை நீர் வரும், மதகை எப்போது திறப்பது என்று தீர்மானிக்கிறவர்களுக்கு ஒரு மழைமானி போதுமா?

இக்காலத்தில் ஆள் இல்லாமலே அளந்து அனுப்பும் தானியங்கி நிலையங்கள் பல வந்திருக்கின்றன. அவற்றின் மழைமானிக்குள் ஏற்றப் பலகை மாதிரி ஒரு சின்ன வாளி இருக்கிறது. ஒரு பக்கம் நிறைந்ததும் சாய்ந்து கொட்டும். உடனே மறு பக்கம் நிறையும். எத்தனை தடவை சாய்ந்தது என்பதே மழைக் கணக்கு. அழகான யந்திரம். ஆனால் புனலுக்குள் நாலு வேப்பிலை விழுந்தாலும், ஒரு குளவி கூடு கட்டினாலும் கணக்கு நின்றுபோகும். வாரம் ஒரு முறை போய்த் துடைத்து வைக்க ஒருவர் இருந்தால்தான் யந்திரம் பொய் சொல்லாது.

கடலிலும் இப்படிப்பட்ட நிலையங்கள் மிதக்கின்றன. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அவற்றை நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கிறது. மஞ்சள் வர்ண மிதவை. அதன்மேல் காற்றுமானியும் பாரமானியும். ஆள் அரவமற்ற நடுக்கடலிலிருந்து அது காற்றையும் அலையையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் குமரிக் கடலில் மளமளவென்று வலுத்தபோது, முன்னமே மீன்பிடிக்கப் போயிருந்த எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. கடலில் கிடைக்கும் ஒவ்வோர் அளவும், அதைக் கரையிலிருந்து படகுக்கு எட்டச் செய்யும் ஒவ்வொரு வழியும் எத்தனை அவசியம் என்பதைக் குமரிக் கரைப் பெண்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு நிலையம்

இவ்வளவையும் வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம் வீட்டுக்கும் ஒன்று வைத்தால் என்ன?" என்றாள்.

வைத்துவிட்டோம். செலவு அதிகம் இல்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள ஒரு டப்பா, மொட்டை மாடியில் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காத இடம், ஓர் அளவுகோல். தினம் காலை 8.30 மணிக்கு, நாட்டின் வானிலை நிலையங்களில் மழையை அளக்கும் அதே நேரத்தில், என் பெண் அளந்து நோட்டில் எழுதுகிறாள். ஒரு மில்லி மீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். நூறு சதுர மீட்டர் மாடியில் 10 மில்லி மீட்டர் பெய்தால் ஆயிரம் லிட்டர்! அதை மழைநீர்க் குழிக்கு விடுகிறோமா, சாக்கடைக்கு விடுகிறோமா என்று இப்போதெல்லாம் வீட்டில் விசாரணை நடக்கிறது.

நோட்டில் இன்னொரு பத்தியும் உண்டு: பாட்டியின் முழங்கால். ஒரு மாதம் கழித்து இரண்டையும் ஒத்துப் பார்த்தோம். முழங்கால் சொன்னது ஆறு நாள் மழை. டப்பாவில் விழுந்தது இரண்டு நாள்.

"பார்த்தாயா அம்மா?" என்றேன் வெற்றிப் பெருமிதத்தோடு.

அம்மா கொஞ்சமும் அசையவில்லை. "பாக்கி நாலு நாள் தாம்பரத்திலே பெய்திருக்கும்" என்றாள்.

விஞ்ஞான ரீதியாக இதற்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.