அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்... உங்கள் வாடகை ஒப்பந்தத்துக்குப் பதிவு எண் இருக்கிறதா?

கயத்தாறில் பஸ் ஏறினால் கோவில்பட்டி, திருநெல்வேலி, தூத்துக்குடி என எந்த ஊருக்கும் காலையில் போய்விட்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம். மகனுக்கோ மகளுக்கோ சென்னையில் வேலை கிடைத்துவிட்டால்தான் கதையே மாறுகிறது. ஆர்டர் கைக்கு வந்த மறுநாளே வீடு தேடும் படலம் தொடங்கிவிடும்.

தண்ணீர் வருமா, பஸ் ஸ்டாப் பக்கமா, கரன்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம்... இதையெல்லாம் மறக்காமல் விசாரிக்கிறோம். ஆனால், 'ஒப்பந்தத்தைப் பதிவு செய்வீர்களா?' என்று கேட்க மட்டும் மறந்துவிடுகிறோம். வாடகைக்குக் குடியிருப்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

சட்டம் மாறிவிட்டது!

தமிழகத்தில் வாடகை விவகாரங்களுக்கு நீண்டகாலம் 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. இந்தச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் இந்தப் பொறுப்பில் நியமிப்பார்.

'11 மாதத்துக்குத்தானே எழுதுகிறோம், அதற்கெல்லாம் பதிவு தேவையில்லை' என்று புரோக்கர்கள் சொல்வதுண்டு. அது பத்திரப்பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதால், 11 மாதத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். புதிய சட்டத்தின் பதிவு வேறு. 11 மாத ஒப்பந்தத்துக்கும் அது பொருந்தும். இதற்கென உள்ள தமிழக அரசின் இணையதளத்தில் வீட்டு உரிமையாளரோ வாடகைதாரரோ விண்ணப்பிக்கலாம். பதிவானதும் ஒப்பந்தத்துக்கு ஓர் எண் கிடைக்கும்.

பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும்?

பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்கிறது சட்டம். பிரச்னை என்று வரும்போது, கையில் வைத்திருக்கும் முத்திரைத்தாள் கைகொடுக்காமல் போகலாம். இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. சட்டம் கேட்கும் எழுத்துபூர்வ ஒப்பந்தத்தை இரு தரப்பும் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்து தரும்படி உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுக முடியும். 'வாய்வார்த்தை போதும் தம்பி' என்ற நம்பிக்கை நல்லதுதான். ஆனால், அது முறிந்தால் முதலில் நஷ்டப்படுவது குடியிருப்பவர்தான்.

மூன்று மாதமா, பத்து மாதமா?

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 9,000 ரூபாய் வாடகை என்றால் 90,000 ரூபாய். ஊரில் நகையை அடகு வைத்துத்தான் பல குடும்பங்கள் இந்தத் தொகையைப் புரட்டுகின்றன. சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை, அதாவது 27,000 ரூபாய். வித்தியாசம் 63,000 ரூபாய்!

ஆனால், இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தால் ஒழிய மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. பத்து மாதம் என்று எழுதிய தாளில் நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு சட்டத்தைக் காட்டி வாதாடுவது கடினம். ஜெர்மனியிலும் வீட்டு முன்பணத்துக்கு மூன்று மாத அடிப்படை வாடகைதான் உச்சவரம்பு. அங்கே ஒப்பந்தம் போட்டுக்கூட அதை மீற முடியாது. நம் ஊரில் அந்தக் கதவு திறந்தே இருப்பதால், பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு.

குடியேறிய பிறகு...

* ஒப்பந்தக் காலத்துக்குள் வாடகையை இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. எவ்வளவு, எப்போது உயரும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

* வீட்டைப் பார்வையிட உரிமையாளர் வருவதாக இருந்தால், 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

* தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

* சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் லைன், மின் வயரிங் போன்றவை பொதுவாக உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கதவுக் கைப்பிடி போன்ற சின்னச் சின்ன வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு.

* 'நாளைக்கே காலி பண்ணு' என்று சாமான்களை வெளியே வைக்க முடியாது. காலி செய்யவைக்க வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு தேவை.

சட்டம் ஒருதலைப்பட்சமானது அல்ல. வாடகை பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால், வெளியேற்றக் கோரி உரிமையாளர் வழக்குப் போடலாம். அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டாலும் இதே நிலைதான். வீடு எடுத்துச் சேர்ந்து தங்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தங்கப்போகும் எல்லோருடைய பெயரையும் ஆரம்பத்திலேயே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவது நல்லது.

சாவி வாங்கும் நாளில்...

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். வாடகையும் அப்படியே. விரிசல், கசிவு, உடைந்த ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் அன்றைக்கே போட்டோ எடுத்து, உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். மின்மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

'பதிவெல்லாம் வேண்டாமே' என்று உரிமையாளர் தயங்கினால், அது அவருக்கும் பாதுகாப்புதான் என்று எடுத்துச் சொல்லுங்கள். காலி செய்ய மறுப்பவர்மீது வழக்குப் போட அவருக்கும் அந்த ஆவணம் தேவைப்படும். அப்படியும் முடியவே முடியாது என்பவரின் வீடு எவ்வளவு வசதியாக இருந்தாலும், அட்வான்ஸ் பணத்தை அனுப்புவதற்கு முன் இன்னும் இரண்டு வீடுகளைப் பார்த்துவிடுங்கள்.