மீனும் அவரையும் சேர்ந்த இராப்போஜனம்

உணவில் அமிலத் தன்மை மிகுந்துவிட்டால் இரத்தம் கெட்டுப் பல வியாதிகள் உண்டாகுமென்றும், ஆகையால் காரத் தன்மையுள்ள பதார்த்தங்களையே உண்ணவேண்டுமென்றும் ஒரு கொள்கை பட்டணங்களில் பரவிக் கிராமங்களையும் எட்டியிருக்கிறது. இங்கே காரம் என்பது மிளகாயின் உறைப்பு அன்று. அமிலத்துக்கு எதிரிடையான க்ஷார குணமே அவ்வாறு சொல்லப்படுகிறது. இக்கொள்கையை நம்பிச் சிலர் மீனை அடியோடு விலக்கிவிடுகின்றனர். வேறு சிலர் ‘கார நீர்’ என்று விற்கப்படும் புட்டிகளுக்குப் பணத்தைச் செலவிடுகின்றனர். வேலியில் அவரையும் ஊரில் ஏரியும் உள்ள குடியானவருக்கு இவ்விரண்டும் வேண்டாத காரியங்கள்.

முதலில் இரத்தத்தைப்பற்றிய அச்சத்தை நீக்கிக்கொள்ளுதல் நலம். சுகமான மனிதருடைய இரத்தத்தின் அமில-கார எண் 7.35க்கும் 7.45க்கும் இடையிலேயே நிற்கும். மூச்சின் வழியாக நுரையீரலும், சிறுநீரின் வழியாகச் சிறுநீரகமும் அதை அந்த எல்லைக்குள் காத்துவருகின்றன. ஆகாரத்தால் வெளிப்படையாக மாறுவது சிறுநீரேயாகும். பிரெஞ்சு தேசத்துச் சரீர சாஸ்திரியாகிய கிளாட் பெர்னார்டு 1865இல் வெளியிட்ட நூலில் இதை முயல்களைக்கொண்டு விளக்கியிருக்கிறார். புல் தின்ற முயலின் சிறுநீர் காரமாகவும் கலங்கியும் இருந்தது. அதே முயலைப் பட்டினி போட்டபோதும், வேகவைத்த மாட்டிறைச்சி கொடுத்தபோதும், சிறுநீர் தெளிந்து அமிலமாயிற்று. பட்டினி கிடந்த முயல் தன் மாமிசத்தையே கரைத்து உயிர் வாழ்ந்தது என்பது அவர் கண்ட முடிபு.

இதற்குக் காரணம் எளிது. மீன், இறைச்சி, முட்டை, தானியம் ஆகியவற்றின் புரதத்தில் கந்தகம் அடங்கியிருக்கிறது; அது உடலில் எரிந்து கந்தக அமிலமாகிறது. காய், கீரை, பழங்களிலோ பொட்டாசியம் உப்புக்கள் மிகுதி. அவை எரிந்தபின் காரமாய் நிற்கின்றன. நாவில் அவ்வளவு புளிக்கும் எலுமிச்சம்பழமும் இவ்வகையில் காரத்தையே சேர்ந்தது என்றால் பலர் வியப்படையலாம். ஜெர்மனியில் தோமாஸ் ரேமர், பிரீட்ரிக் மான்ஸ் என்னும் இருவர் 1995இல் இவ்விஷயத்தை மில்லி ஈக்விவலன்ட் என்னும் அலகில் கணக்கிட்டு அட்டவணையாக்கினர். நூறு கிராம் மீன் ஏறக்குறைய 8 அலகு அமிலத்தைத் தருகிறது. வெள்ளை அரிசி 4.6, உலர்ந்த முழு மைசூர்ப் பருப்பு 3.5. பச்சை பீன்ஸ் காயோ 3 அலகு அமிலத்தைக் குறைக்கிறது. பாலக் கீரை 14 அலகு குறைக்கிறது.

‘அவரை வகையெல்லாம் காரம்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவது சரியன்று என்பது இதனால் விளங்கும். இளங் காய் ஒரு பக்கமும், முற்றி உலர்ந்த பருப்பு பெரும்பாலும் மற்றொரு பக்கமும் நிற்கின்றன. எனினும் பருப்பின் பங்கு மீனைவிட மிகச் சிறியது.

ஒருவருக்கு இரவில் அரிசி 100 கிராம், மீன் 100 கிராம், உலர்ந்த மொச்சை 30 கிராம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 13 அலகு அமிலம் சேரும். இதனோடு அவரைக்காய்ப் பொரியல் 100 கிராமும் கீரை 100 கிராமும் சேர்ந்தால் சுமார் 17 அலகு கழிந்து, போஜனம் முழுவதும் காரத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. மீனை விலக்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் காயும் கீரையும் இல்லாமலிருப்பதே குறை. மீன் குழம்பு வைத்த அன்று வேறு கறி வைக்காத வீடுகளும் உண்டு.

ஆயினும் இந்தக் கணக்கு ஒன்றையே வேதவாக்காகக் கொள்வதும் தகாது. அதே அட்டவணையில் தவிடு நீக்காத அரிசி 12.5 அலகு அமிலம் என்று காண்கிறது. அதற்கு அஞ்சித் தீட்டிய அரிசியை நாடினால், தவிட்டிலுள்ள பி-1 வைட்டமினை இழக்க நேரிடும். அக்குறையால் வரும் பெரிபெரி நோய் முற்காலத்தில் எத்தனை பேரை வாட்டியது! புழுங்கலரிசியையும் கேழ்வரகையும் விடாமல் கீரையைக் கூட்டுவதே விவேகம். கார உணவு புற்றுநோயைத் தீர்க்கும் என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை.

உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. வெயிலில் உழைத்து, வேர்வை சிந்தி, தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்குச் சிறுநீர் சுண்டுகிறது. சுண்டிய சிறுநீரில் கல் தோன்றுகிறது. அவற்றுள் யூரிக் அமிலக் கல் என்பது அமிலச் சிறுநீரிலேயே உருவாவது. அத்தகையோருக்குக் காயும் கீரையும் எலுமிச்சை நீரும் நிறைந்த தண்ணீரும் மெய்யான துணை. ஆனால் எல்லாக் கல்லும் இவ்வகையல்ல. பாலக் கீரையிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் வேறொரு வகைக் கல்லுக்கு ஏதுவாகும். ஆகையால் கல் கண்டவர்கள் வைத்தியரைக் கேட்டே கீரையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மூட்டுகளில் யூரிக் அமில வாதம் உள்ளவர்கள் நெத்திலியையும் மத்தியையும் குறைத்துக்கொள்வது நலம். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்குப் பொட்டாசியம் மிகுந்த உணவு ஆபத்தாகவும் முடியலாம். அவர்கள் இக்கட்டுரையைப் பார்த்து உணவை மாற்றிக்கொள்ளலாகாது.

மொச்சையும் மீனும் ஒரே சட்டியில் சேர்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. மொச்சையிட்ட கருவாட்டுக் குழம்பு பழம் பழக்கம். அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு, மொச்சையில் அது நிறைவு. மொச்சையில் குறைவான மெத்தியோனினை அரிசியும் மீனும் ஈடுசெய்கின்றன. பருப்பிலும் கீரையிலுமுள்ள இரும்புச் சத்து உடலில் ஏறவும் மீன் உதவுகிறது. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. கருவாட்டில் உப்பு மிகுதியாதலால் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசவேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பச்சை மீனே ஏற்றது.

உலர்ந்த மொச்சையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் நன்றாகக் கொதிக்கவைத்து வேகவைக்க வேண்டும். வெந்தபின்னரே புளிக் கரைசலை ஊற்றுக. முன்னரே ஊற்றினால் எவ்வளவு விறகு எரித்தாலும் மொச்சை மசியாது. மீன் சில நிமிஷங்களில் வெந்துவிடுமாதலால் அதைக் கடைசியில் இடுவதே முறை.

இவற்றிற்குத் தனி நிலம் தேடவேண்டியதில்லை. ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை மார்கழி, தை மாதங்களில் மிகுதியாகக் காய்க்கும். சேலம், தருமபுரிப் பக்கங்களில் கேழ்வரகோடு மொச்சையைக் கலந்து விதைப்பதும், காவிரிப் பாசனத்தில் நெல் அறுப்புக்குச் சில நாள் முன்னரே உளுந்தும் பயறும் தெளிப்பதும் வழக்கம். இப்பயிர்களின் வேர் முண்டுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொள்வதும் குடியானவர் அறிந்ததே. விளைந்ததை முழுவதும் மண்டிக்கு அனுப்பிவிடாமல், வீட்டின் வருஷச் செலவுக்கு ஒரு பங்கை முதலில் எடுத்துவைத்தல் வேண்டும்.

ஏரி மீனின் விஷயத்தில் ஊராட்சியாரும் கிராம அதிகாரிகளும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மீன்பாசி ஏலம் எடுத்தவர், பிடித்த கட்லாவையும் ரோகுவையும் விடியுமுன் வண்டியேற்றிப் பட்டணத்துக்கு அனுப்பிவிட, கரையிலுள்ளவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பது பல ஊர்களில் சகஜம். பிடிப்பில் ஒரு பகுதியை ஊராருக்கு நியாயமான விலையில் கரையிலேயே விற்கவேண்டும் என்பதை ஏல நிபந்தனைகளுள் சேர்க்க விதிகள் இடந்தருமா என்று மேலதிகாரிகளிடம் விசாரித்துச் செய்யலாம். வலை போடும் நாளை ஒரு வாரம் முன்னதாக அறிவித்தால், கூலிக் குடும்பங்களும் பணம் சேர்த்துவைத்து வாங்க வசதியாயிருக்கும்.