கேள்வி கேட்கும் லாயமே நல்ல லாயம்

குதிரை என்றதும் எம்மிற் பலருக்கு நினைவில் எழுவது வேட்டைத் திருவிழாவே. மரத்தாற் செய்த குதிரை வாகனத்தில் சுவாமி வீதியுலா வருகையில், சிறுவர்களாக அதன் பின்னால் ஓடியிருக்கின்றோம். உயிருள்ள குதிரையைத் தொட்டுப் பார்த்தவர்கள் எம்மவரிற் சிலரே. நெடுந்தீவார் மட்டும் இதற்கு விதிவிலக்கு. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள் என்று சொல்லப்படும் குதிரைகள் அங்கே இன்றும் வெளிகளில் மேய்கின்றன. கடும் வறட்சிக் காலங்களில் நீரின்றி மடிவதும் உண்டு.

இங்கு பிரித்தானியாவில் நாம் காணும் குதிரை, உதைபந்தாட்ட மைதான வாசலில் பொலிசாரைச் சுமந்து நிற்பது. ஏனையவை செல்வந்தருக்கு உரியவை என்று முடிவுகட்டி விட்டோம். ஆகவே, சென்ற கோடையில் எமது தமையனாரின் ஒன்பது வயது மகள் பள்ளித் தோழி ஒருத்தியின் கதையைக் கேட்டு வந்து, தானும் குதிரையில் ஏறவேண்டும் என்றபோது, "அது எங்கட ஆக்களுக்குச் சரிவராது பிள்ளை" என்றே தமையனார் பதிலளித்தார். பணத்தை எண்ணி அவர் அதனைச் சொல்லவில்லை. பணத்தைப் பற்றி அதுவரை எவரும் விசாரித்திருக்கவில்லை. பல ஆண்டுகளாக இரவு வேலை செய்து வந்த அவர், இந்நாட்டின் நாட்டுப்புறத்தை மோட்டார்வேயின் கண்ணாடிக்கு அப்பால் மட்டுமே கண்டவர். அங்கே இறங்கினால் எவரேனும் "இங்கே உமக்கு என்ன வேலை?" என்று கேட்பர் என்பதே அவரது உள்ளூர அச்சம். இவ்வச்சம் எமக்கும் அன்னியமன்று.

இரண்டு நாட்களுக்குப் போவதென ஒருவாறு தீர்மானமாயிற்று. தெரிந்தெடுத்த இடம் இங்கிலாந்தின் தென்கரையை அண்டிய நியூ பொரஸ்ட். லண்டன் வோட்டர்லூ நிலையத்திலிருந்து புரொக்கன்ஹேர்ஸ்ட்டுக்குப் புகையிரதத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வாகனம் இல்லாதோரும் போய் வரலாம் என்பதே இதனை நாம் தேர்ந்ததற்கான முதற் காரணம்.

பெயரிற் புதுக்காடு என்றாலும் இது மிகப் பழையது. வெற்றி வீரன் எனப்பட்ட முதலாம் வில்லியம் மன்னன் 1079 அளவில் மான் வேட்டைக்கென ஒதுக்கிக் கொண்ட நிலம். அவனது மகனான இரண்டாம் வில்லியம் மன்னன் 1100ஆம் ஆண்டு இதே காட்டில் அம்பு பட்டு இறந்தான். 2005இல் இது தேசிய பூங்காவாயிற்று. காடு என்று பெயர் பெற்றாலும் பெரும்பகுதி திறந்த வெளி. ஓகஸ்ட் மாதத்தில் அவ்வெளி முழுவதும் ஹெதர்ச் செடி பூத்து ஊதா நிறமாகக் கிடக்கும்.

அங்கே மட்டக்குதிரைகள் ஆயிரக்கணக்கில் கட்டின்றித் திரிகின்றன. காட்டுக் குதிரைகள் என்று பலர் எண்ணுவர். ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. காட்டில் மேய்ச்சல் உரிமை பெற்ற குடியானவர்கள் அவர்கள். மேய்ச்சற் கட்டணம் செலுத்தப்பட்டதற்கு அடையாளமாகக் குதிரையின் வால்மயிரை ஒரு குறிப்பிட்ட வடிவில் வெட்டி விடுகின்றனர். வெட்டைப் பார்த்தே அது எந்தக் கண்காணிப்பாளரின் பகுதிக் குதிரை என்று சொல்லிவிடலாம். இவற்றின் வழக்குகளைக் கேட்பதற்கென லிண்ட்ஹேர்ஸ்ட் கிராமத்தில் ஒரு நீதிமன்றமே இயங்குகின்றது. இலையுதிர் காலத்தில் ஓக் மரக்கொட்டைகள் குதிரைகளுக்கு நஞ்சாகும் என்பதால், அவற்றைத் தின்று தீர்க்கப் பன்றிகளை அவிழ்த்து விடுகின்றனர். எமது ஊரிலே பட்டி மாடு வளர்த்தவர்கள் இவ்வேற்பாட்டை உடனே விளங்கிக் கொள்வர்.

இனி நாம் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். முதல் நாளுக்கான லாயத்தை அவசரத்திற் பிடித்தோம். தொலைபேசியில் அவர்கள் கேட்டது வங்கி அட்டை இலக்கத்தை மட்டுமே. போய் இறங்கியதும் பிள்ளையின் தலையில் ஒரு தலைக்கவசத்தை வைத்தனர். பட்டியை இறுக்கிப் பார்க்கவில்லை. பழகிய சவாரிக்காரருடன் எம்மையும் ஒரே வரிசையிற் சேர்த்து விட்டனர். லாயத்திலிருந்து வெளிப்பாதைகளிற் குதிரையேறிச் சுற்றி வருவதனை இங்கு 'ஹக்கிங்' என்பர். புதியவர் உள்ள வரிசை நடையிலேயே செல்ல வேண்டும். முன்னால் சென்றவர்கள் குதிரைகளை ஓட விட்டனர். எங்களுடையவையும் கூடவே ஓடின. தலைக்கவசம் கண்ணை மறைக்க, பிள்ளை பன்னச் செடிகளுக்குள் விழுந்தாள். மணிக்கட்டு வீங்கியதே தவிர முறியவில்லை. "இதெல்லாம் நடப்பதுதான்" என்றார் கூட்டிச் சென்றவர். தமையனார் ஒரு சொல்லும் பேசவில்லை. அன்றிரவு தங்குமிடத்தில், "நான் சொன்னனான் தானே" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலையிற் புகையிரதமேறி வீடு திரும்புவதென்றே பெரியவர்கள் பேசி முடித்திருந்தோம். பிள்ளைதான், "சித்தப்பா, வேற இடத்தில ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றாள்.

கேட்டோம். மறுமுனையில் இருந்த பெண்மணி பணத்தைப் பற்றிப் பேசவேயில்லை. எத்தனை வயது, என்ன உயரம், என்ன நிறை, முன்னர் ஏறியதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். விழுந்த கதையைச் சொன்னதும், கையை மருத்துவரிடம் காட்டினீர்களா, வீக்கம் வற்றிவிட்டதா என்றும் வினவினார். பின்னர், "முதலில் வந்து குதிரைக்கு மயிர் வாரி விடட்டும். ஏறுவதா இல்லையா என்பதை அவளே முடிவு செய்யட்டும்" என்றார்.

நாம் இக்கட்டுரை எழுதுவதே இவ்வேறுபாட்டைச் சொல்வதற்காகத்தான். நல்ல லாயம் உம்மைக் கேள்வி கேட்கும். தேவையெனில் மறுக்கவும் செய்யும். கேள்வி கேட்கப்படுவது என்றாலே எமக்குக் குடிவரவுத் திணைக்களம் நினைவுக்கு வந்து உடல் குறுகுகின்றது. இங்கே கேள்விகள் பிள்ளையின் பாதுகாப்புக்காகக் கேட்கப்படுபவை. நிறையைக் குறைத்துச் சொல்லவேண்டாம். குதிரை தன் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குக்கு மேற் சுமக்கலாகாது என்பது பொதுவான கணக்கு, சேணமும் அதிலடங்கும். 'ஸ்டோன்' கணக்கிற் கேட்பர். ஒரு ஸ்டோன் 6.35 கிலோ. தமையனார் தமக்குப் பதின்மூன்று என்றார். அண்ணியார் பின்னாலிருந்து "பதினைஞ்சு" என்று திருத்தினார். அதற்கேற்ற தடித்த கால்களுடைய குதிரை ஒன்று தம்மிடம் உண்டு என்றார் அப்பெண்மணி.

நீங்களும் கேட்கலாம். குதிரைகளை வாடகைக்கு விடும் எந்த லாயமும் இங்கிலாந்தில் உள்ளூராட்சிச் சபையின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் விதிகளின்படி ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரத் தரமும் வழங்கப்படுகின்றது. அப்பத்திரத்தைச் சுவரிலே தேடுங்கள். பிரித்தானியக் குதிரைச் சங்கத்தின் அங்கீகாரம் உண்டா என்றும் விசாரியுங்கள். புதியவருக்குத் தனி வரிசை உண்டா, பிள்ளையின் குதிரையை ஒருவர் கயிற்றிற் பிடித்து நடத்திச் செல்வாரா என்ற இரண்டையும் நாம் முதல் நாளே கேட்டிருப்போமாயின், அந்த வீழ்ச்சி நேர்ந்திராது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் வீதியிற் குதிரையேறும்போது தலைக்கவசம் அணிவது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். பட்டி தாடைக்கடியில் இறுகி இருக்கின்றதா என்பதைப் பெற்றோரே பார்த்துக் கொள்க.

உடை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீண்ட காற்சட்டையும், சிறிய குதி உள்ள மூடிய சப்பாத்தும் போதும். குதியில்லாத சப்பாத்து அங்கவடிக்குள் நழுவி விடும். விழுந்தால் கால் சிக்கி இழுபட நேரும். சால்வை, தொங்கும் தோடு, காப்பு வேண்டாம். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டுக் கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் லாயத்தில் பிள்ளை இருபது நிமிடங்கள் ஒரு சாம்பல் நிற மட்டக்குதிரையின் கழுத்தை வாரிக்கொண்டு நின்றாள். "கடிக்குமே சித்தப்பா?" என்று ஒருமுறை கேட்டாள். காதுகள் முன்னோக்கியிருந்தால் அதற்கு உன்னில் விருப்பம், பின்னோக்கிப் படிந்தால் விலகி நில் என்று அப்பெண்மணி காட்டிக் கொடுத்தார். பின்னர் அவளாகவே ஏறுபடிக்கட்டை நோக்கி நடந்தாள்.

ஒரு மணி நேரம் நடந்தோம். நடந்தோம் என்றால் குதிரைகள் நடந்தன. குதிகாலைத் தாழ்த்தி, நிலத்தைப் பாராது எதிரே பார்க்கும்படி சொன்னார்கள். நிலத்தைப் பார்த்தால் உடல் முன்சாய்ந்து விடுகின்றது. இது எமக்குப் பத்து நிமிடத்திற் புரிந்தது, தமையனாருக்குச் சற்று முன்னரே புரிந்தது. இங்கிலாந்தின் ஏனைய இடங்களில் குதிரைகள் நீல அம்பு குறித்த பாதைகளிற் செல்லலாம். மஞ்சள் அம்பு நடப்போர்க்கு மட்டும் உரியது. நியூ பொரஸ்டின் திறந்த வெளியிலோ பெரும்பாலும் எங்கும் செல்லலாம். ஆயினும் சதுப்பு நிலங்கள் உண்டு. பச்சைப்பசேலென்று தோன்றும் இடமே குதிரையின் வயிறளவு புதையும். வழிகாட்டி இன்றிச் செல்ல எண்ணவேண்டாம். எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதியர் நாயைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்று காலை வணக்கம் சொன்னார்கள். இங்கே உமக்கு என்ன வேலை என்று எவரும் கேட்கவில்லை.

தஞ்சக் கோரிக்கை முடிவாகாதோர், அரசாங்க விடுதியில் இருப்போர் இதனைப் படித்துப் பெருமூச்செறிவர் என்பதை அறிவோம். வேலை செய்ய அனுமதியின்றி, கிழமைக் கொடுப்பனவில் வாழ்வோருக்குச் சவாரிக் கட்டணம் எட்டாது. வெளியில் இரவு தங்குவதாயின் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்வது நன்று. ஆனால் அருகிலுள்ளோர் ஒரு பகற்பொழுது போய் வரலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. பியூலி றோட் என்னும் சிறு நிலையத்தில் இறங்கினால், மேடையைத் தாண்டியதுமே வெளியும் குதிரைகளும்தான். அவற்றுக்குத் தீன் கொடுப்பதும் தடவுவதும் கூடாது. கொடுத்துப் பழக்கினால் வீதியோரம் வந்து வாகனங்களில் அடிபடுகின்றன. வாகனத்திற் செல்வோர் வீதியிற் குதிரைச் சவாரியைக் கண்டால் மணிக்குப் பத்து மைலுக்குக் குறைத்து, இரண்டு மீற்றர் விலகிக் கடக்குமாறு 2022இல் திருத்திய வீதி விதி கூறுகின்றது.

பிரான்சில் உள்ள வாசகருக்குத் தெற்கே கமார்க் சதுப்பு நிலத்தின் வெண்குதிரைகள் உண்டு. சுவிசில் உள்ளோர் ஜூரா மலைநாட்டைப் பார்க்கலாம். லாயத்திற் கேட்கவேண்டியவை எங்கும் இவைதான்.

திரும்பும் புகையிரதத்தில் அண்ணியார் புட்டுப் பொதியை அவிழ்த்தார். கையைக் கழுவிவிட்டு வரும்படி மகளுக்குச் சொன்னார். அவளோ விரல்களை மூக்கருகே பிடித்தபடி அசையாதிருந்தாள்.

"கழுவினால் மணம் போயிடும் அம்மா."

தமையனார் யன்னற் பக்கம் திரும்பித் தமது கையையும் ஒருமுறை மணந்து பார்த்துக் கொண்டார்.