நாய்க்குட்டி விற்பனையும் நமது சட்டமும்

திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் சந்நிதியை நாடி ஏறுகின்ற யாத்திரிகர்கள், வழியோரத்தில் அச்சமின்றி மேய்கின்ற புள்ளிமான்களைக் கண்டு களிப்பது வழக்கம். அம்மான்களில் ஒன்றைப் பிடித்துத் துறைமுக வீதியிலே விலை கூற எவரேனும் துணிந்தால், 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவரைச் சும்மா விடாது. நட்சத்திர ஆமையைப் பிடித்து விற்பவருக்கும் அதே கதிதான். ஆயின், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதனை அண்டி வாழும் நாயின் குட்டியைத் தாய்ப்பால் மறக்குமுன்னரே பிரித்தெடுத்துக் கம்பிக்கூட்டில் அடைத்து விற்பவரைத் தட்டிக் கேட்பதற்கு நம்மிடமுள்ள பிரதான ஆயுதம், வண்டிமாடும் குதிரையும் வீதிகளை நிறைத்திருந்த 1907ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டமே. அது விதித்த தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபா. சாதிநாய்க் குட்டியொன்றின் இன்றைய விலைக்கு முன் அது எம்மாத்திரம்! அதற்குப் பதிலாகச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த விலங்கு நலச் சட்டமூலம், 2010இல் அத்துரலியே ரத்தன தேரரால் தனிநபர் பிரேரணையாகப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டும், ஆண்டுகள் பல நிறைவேறாமலே கிடந்தது.

கடையில் விற்றால் என்ன தோஷம் என்று கேட்கலாம். கடைக்கு வருபவர் துள்ளி விளையாடும் குட்டியைக் காண்கிறாரேயன்றி, இருண்ட கொட்டிலில் ஈற்றுக்கு மேல் ஈற்றாக ஈன்று உடல் நைந்த அதன் தாயைக் காண்பதில்லை. பார்வோ என்னும் வைரஸ் நோயோ, தொற்றிய பின் சில நாட்கள் மறைந்திருந்தே வெளிப்படுவதாகலின், கடையில் சுகமாய்த் தோன்றிய குட்டி வீட்டிற்கு வந்து வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாய் மடிந்துபோவதுண்டு.

வேல்ஸ் நாட்டின் நாய்ப்பண்ணையொன்றிலிருந்து 2013இல் மீட்கப்பெற்று, 2016இல் இறந்த லூசி என்னும் பெட்டைநாயின் பெயரால் வழங்கும் இங்கிலாந்துச் சட்டம், இம்மறைவைக் குறிவைத்தே எழுந்தது. 2020 ஏப்ரல் 6 முதல், ஆறு மாதம் நிரம்பாத நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ அங்கே இடைத்தரகர் விற்கலாகாது; குட்டியை வேண்டுபவர் அதனை வளர்த்தெடுத்தவரிடம் நேரே சென்று, பிறந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்துக் கண்டு வாங்குதல் வேண்டும். பிரான்சு 2024 ஜனவரியிலிருந்து கடைகளில் நாய், பூனை விற்பதையே விலக்கிவிட்டது. இந்தியா கடையை மூடவில்லை. 2018இன் விதிகளால், மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெறாதவர் கடை நடத்தலாகாது என்றது.

நமக்கு முதற்படியாக இந்திய வழியே உகந்ததென்பது என் அபிப்பிராயம். யார் விற்கிறார் என்பதே தெரியாத நாட்டில், தடைச் சட்டத்தை யார்மீது பிரயோகிப்பது? நாயை வளர்ப்பவர் அதனை உள்ளூராட்சிச் சபையிற் பதியவேண்டுமென்னும் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901இலேயே இங்கு பிறந்துவிட்டது. வளர்ப்பவர் பெயரை எழுதும் அந்த ஏட்டிலே, விற்றவர் பெயரையும் குட்டி பிறந்த இடத்தையும் சேர்த்தெழுதச் சிறு திருத்தமொன்று போதும். புதிய திணைக்களம் எதுவும் வேண்டியதில்லை.